ஆபரேஷனுக்கு இன்னும் நாலு மாசமா? அதுவரை வேலை இருக்கிறது

கேளுங்க, சொல்றேன்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. "தேதி கொடுத்துவிட்டார்கள், ஆனால் ரொம்பத் தள்ளி இருக்கிறது. அதுவரை என்ன செய்வது?" ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரியில் காலம் தள்ளுகிறவள் நான். மேஜைக்கு வரும் ஆளைப் பார்த்ததுமே, காத்திருந்த மாதங்களை இவர் எப்படிக் கழித்தார் என்று எங்களுக்கு ஓரளவு தெரிந்துவிடும். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 62. வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நான்கு மாதம் கழித்துத் தேதி கிடைத்திருக்கிறது. சர்க்கரை இருக்கிறது. வாழ்நாளெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது நாங்கள் எந்த வேலையும் செய்ய விடுவதில்லை, கட்டிலுக்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இன்னும் என்ன செய்யலாம்?
– ஒரு மருமகள், கோத்தகிரி

பதில்: மாமியார் கொடுத்து வைத்தவர். ஆனால் அந்தக் கட்டில் சாப்பாட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அடுப்படிக்கு அவரே நடந்து வந்து சாப்பிடட்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் பாசம் என்றால் படுக்க வைப்பது என்று ஆகிவிட்டது. புது மூட்டை டாக்டர் வைத்துவிடுவார். அந்தக் காலைத் தூக்கி நீட்ட வேண்டியது தொடையின் முன்பக்கத் தசை. அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்க முடியாது. வலிக்கு பயந்து காலை அசைக்காமல் இருந்தால் அந்தத் தசைதான் முதலில் வற்றும். நாலு மாதம் படுத்திருந்துவிட்டு வருகிறவரை ஆபரேஷன் முடிந்த மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னால், வலியைவிடப் பலவீனம்தான் அவரை உட்கார வைக்கும்.

மூன்று பயிற்சி போதும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலால் அதைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டு விட வேண்டும். அப்புறம் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றதை மடக்காமல் ஒரு சாண் தூக்கி நிறுத்தி மெதுவாக இறக்க வேண்டும். மூன்றாவது, கை வைத்த உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி மெல்ல உட்காருவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையிலும் மாலையிலும். முதல் வாரம் ஐந்தே முடிந்தாலும் சரி. நாற்காலியில் கையை ஊன்றி எழுந்தால் தோளும் கையும் பலப்படும், வாக்கர் பிடிக்க அது வேண்டும். இரண்டு காலுக்கும் செய்யச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் இடது கால்தான் முழுப் பாரத்தையும் தாங்கப் போகிறது.

நடை விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. வாசலைத் தாண்டினால் படி, இல்லையென்றால் சரிவு. கெட்டுப்போன மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. அதனால் "தினமும் நடங்கள்" என்று சமவெளிக்காரர்களுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூட மைதானம், கோயில் முன்வாசல், மட்டமான ரோட்டுத் துண்டு, எங்கே சமமாக இருக்கிறதோ அங்கே பத்து நிமிடம் போய் வரட்டும். தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம், அதாவது இடது கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். படியேறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் வலிக்கிற கால். இந்த முறைதான் பிறகும் தேவைப்படும், இப்போதே பழகட்டும்.

சர்க்கரைக்கு நாலு மாதம் என்பது வசதியான அவகாசம். ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். இன்று ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் தேதிக்கு முன் எடுக்கும் பரிசோதனையில் அது தெரியும். கடைசி வாரம் பட்டினி கிடந்தால் தெரியாது. பிரிட்டனில் 8.5க்குக் கீழே இருந்தால் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள், மூட்டு மாற்றுக்கு நம் மருத்துவர்கள் பலர் அதையும்விடக் குறைத்துக் கேட்பார்கள். உங்கள் மருத்துவர் எந்த எண்ணைக் கேட்கிறார் என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். சர்க்கரை மாத்திரைகளின் பெயரையும் அவரிடம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் சோற்றைக் குறைக்கும்போது புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். தசை வளர அதுதான் வேண்டும். தினமும் ஒரு முட்டை (அதில் 6 கிராம் புரதம்), பருப்பு, அவரை, பச்சைப் பட்டாணி, தயிர். நம் தோட்டத்திலேயே பாதி விளைகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: பல்லும் பாதமும். சொத்தைப் பல்லில் சீழ் இருந்தாலும், பித்தவெடிப்பில் புண் இருந்தாலும், அந்தக் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. பல் மருத்துவரை இந்த மாதமே பார்த்துவிடுங்கள், தேதி நெருங்கிய பிறகு வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை கடித்து, சொறிந்து, காலில் புண்ணோடு வந்து சேர்ந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் பாதத்தைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் புண் வலிக்காமலே இருக்கலாம், கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலில் முடியை வீட்டில் பிளேடு போட்டு மழிக்கவே மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி சேரும். தேவையென்றால் மருத்துவமனையில் கத்தரிக்கும் மிஷினால் எடுப்பார்கள்.

வீட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். குத்துக்கால் போட்டு உட்காரும் கழிப்பறை என்றால், உயரமான கமோடு நாற்காலி ஒன்று வாங்கியோ வாடகைக்கோ வைத்து, ஆபரேஷனுக்கு முன்பே பழக்குங்கள். கழிப்பறை வெளியே இருந்தால் ராத்திரிக்கு விளக்கு வேண்டும். ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? கால் தடுக்கும் சாக்கு மிதியடியை எடுத்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று, வீடு தேடிவரும் அரசுத் திட்டம் ஒன்று 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருவார். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மாமியார் பெயரைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. மெட்டியைச் சோப்பு நுரை போட்டு இப்போதே கழற்றிப் பாருங்கள். வருஷக்கணக்கில் விரலோடு ஊறிப்போன மெட்டியை ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் போராடிக் கழற்றும்போது, பெரியவர்களுக்கு வருகிற அழுகை மூட்டுவலிக்காக இல்லை.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே ஆபரேஷனுக்கு முன்பே உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்களாம். நம்ப முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகுதானே பயிற்சி?
– ஓய்வு பெற்ற தொழிலாளி, அருவங்காடு

பதில்: மகள் சொல்வது நிஜம். அங்கே அரசு மருத்துவத்தில் பரிந்துரையிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. ஆனால் 2023இல் இங்கிலாந்தில் மட்டும், எல்லா வகைச் சிகிச்சைக்கும் சேர்த்து, வரிசை 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வரிசையைச் சட்டென்று சுருக்க முடியாது என்றான பிறகு, அங்குள்ள மயக்க மருத்துவர்கள், காத்திருப்போர் பட்டியலைத் தயாராகிறவர்கள் பட்டியலாக மாற்றுவோம் என்று முனைந்தார்கள். நடை, மூச்சுப் பயிற்சி, சாப்பாடு, புகையை விடுவது, ரத்தசோகையைச் சரிசெய்வது, மனப் பயத்தைப் பேசுவது எல்லாம் அதில் வரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு. மேல்வயிற்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொள்ளவிருந்த 441 பேரில் பாதிப் பேருக்கு இயன்முறை சிகிச்சையாளர் முன்கூட்டியே ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மற்றவர்களுக்கு அச்சடித்த கையேடு மட்டும். நுரையீரல் சிக்கல் கையேட்டுக்காரர்களில் 27 சதவீதம் பேருக்கு வந்தது, சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மருந்தில்லை, மெஷினில்லை, அரை மணி நேரப் பேச்சு. நாமோ துண்டுச் சீட்டைக் கையில் திணித்துவிட்டு "அடுத்தவர் வாங்க" என்கிறோம். எங்கள் தொழில் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இது.

பயிற்சி இதுதான்: நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக வயிறு விரியும்வரை இழுத்து, மூன்று எண்ணி நிறுத்தி, வாயால் விடுவது. பத்து மூச்சு. கொஞ்சம் ஓய்வு. மறுபடி பத்து. பிறகு ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமுவது. ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் இதைச் செய்யச் சொல்வோம். மயக்கம் தெளிந்த அரைகுறை நிலையில், தையல் வலியோடு, புதிதாகக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது. முன்பே பழகியிருந்தால் உடம்பு தானாகச் செய்யும்.

கேள்வி: குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள், ஆறு வாரம் இருக்கிறது. பீடி பிடிப்பேன், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. ஒரு வாரம் முன்னாடி நிறுத்தினால் போதுமா? இப்போது கொழுந்து மூட்டை தூக்கலாமா?
– 54 வயது வாசகர், பந்தலூர்

பதில்: போதாது. குறைந்தது நான்கு வாரம் வேண்டும். உங்களுக்கு ஆறு வாரம் இருக்கிறது, அதனால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அந்தக் கட்டை அடுப்பில் போட்டுவிடுங்கள். பீடி சிகரெட்டைவிடச் சாது என்று ஒரு நினைப்பு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் புகை ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தையல் போட்ட சதை சேருவதைத் தாமதப்படுத்தும். அதோடு உங்களுக்குச் சொந்தமாக ஒரு தொந்தரவு: பீடி இருமல். குடலிறக்கத்தைத் தைத்து, வலை வைத்துக் கட்டிய இடத்தில் ஒவ்வோர் இருமலும் உள்ளேயிருந்து இடிக்கும். கடைசியில் ஒரு நாள்தான் விட முடிந்தது என்றால் அதற்கும் ஓரளவு பலன் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். தனியாக முடியவில்லையென்றால் 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் இருக்கிறது, கட்டணமில்லை.

மூட்டை வேண்டாம். மேஸ்திரியிடம் டாக்டர் சீட்டைக் காட்டி எடைபோடும் வேலையோ வேறு இலகுவான வேலையோ கேளுங்கள். மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் காய்கறியும் எடுங்கள், முக்குவதும் மூட்டை தூக்குவதும் வயிற்றுக்கு ஒன்றுதான்.

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: படுத்தால் உள்ளே போகிற வீக்கம் ஒரு நாள் உள்ளே போகாமல் கல் போல நின்று, வலியும் வாந்தியும் வந்தால், தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ராத்திரி என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள். பந்தலூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்பதால் விடியட்டும் என்று பார்க்கவே கூடாது.

கேள்வி: கர்ப்பப்பையில் கட்டி. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறது. ஆபரேஷனுக்கு ரத்தம் பத்தாது, ஹீமோகுளோபின் 8.2தான், ஏற்றிக்கொண்டு வா என்கிறார்கள். இரண்டு மாதமாக இரும்புச் சத்து மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன், எண் நகரவே இல்லை.
– ஒரு வாசகி, லயன் வீடு, குன்னூர்

பதில்: மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்? நான் பந்தயம் கட்டுவேன், டீயோடு.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குப் போகவிடாது. காபியும் அப்படித்தான், பாலும் உதவாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போடுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். புளிப்பு இரும்பை ஏற்றிவிடும். கால்சியம் மாத்திரையும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம். குமட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், அப்படிப் போட்டாலும் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்கிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. மலம் கருப்பாகப் போவது மாத்திரையால், பயப்பட வேண்டாம்.

பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மாத்திரை நன்றாக ஏறினால் நாலு வாரத்தில் 1 அல்லது 2 கூடும். ஆனால் உங்களுக்கு ஒரு பக்கம் ஊற்ற ஊற்ற இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. ஆகவே அடுத்த முறை போகும்போது மூன்று கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: ரத்தப்போக்கைக் குறைக்க இப்போதைக்கு மருந்து உண்டா? இரும்பை நரம்பு வழியாக ஊசியில் ஏற்றலாமா? குடற்புழு மருந்து எடுக்க வேண்டுமா? கடைசிக் கேள்வி தோட்டத்தில் வெறுங்காலில் நடக்கிறவர்களுக்கு முக்கியம், கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே ஏறி உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். "கடைசியில் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம், விடு" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது அவசரத்துக்கு. கையில் நாள் இருக்கும்போது அதை முதல் வழியாக எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: மாமனாருக்கு இருதயத்துக்கு ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார்கள். கண்புரை ஆபரேஷனுக்கு முன் ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தவேண்டும் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார், நிறுத்திவிட்டோம்.
– உதகை

பதில்: இன்றே கண் மருத்துவருக்கும் இருதய மருத்துவருக்கும் போன் செய்து சொல்லுங்கள். கண்புரைக்கு வழக்கமாக அதை நிறுத்துவதே இல்லை. குளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் இளக்கும் வேறு மாத்திரையாக இருந்தாலும் அதை நிறுத்துவது, தொடங்குவது எல்லாம் மருத்துவர் வேலை. ஸ்டென்ட் (இருதய ரத்தக்குழாய் அடைக்காமல் விரித்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். லேகியம், சூரணம் ஏதாவது எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் சொல்லுங்கள்.

கேள்வி: பித்தப்பைக் கல் ஆபரேஷன். இரண்டு தடவை கோயம்புத்தூர் வரை போய்த் திரும்பி வந்துவிட்டோம். ஒரு தடவை அப்பாவுக்குச் சளி, இன்னொரு தடவை காலையில் டீ குடித்துவிட்டார் என்று. மூன்றாவது தேதி நவம்பரில். எப்படி வீணாகாமல் பார்ப்பது?
– ஒரு மகன், கீழ்க்கோத்தகிரி

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள். "வெறும் வயிற்றில் வா" என்றால் நம் ஊரில் டீ அந்தக் கணக்கில் வராது. பால் கலந்த டீ வயிற்றுக்குச் சாப்பாடு மாதிரிதான்: சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொது விதி. எண்ணெய்ப் பலகாரம் என்றால் இன்னும் நேரம் வேண்டும். உங்கள் மருத்துவமனை எந்த நேரம் சொல்கிறதோ அதை அப்பா கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள், பிளாஸ்க்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சளி, காய்ச்சல், இருமல் எது வந்தாலும் மலையிறங்குவதற்கு முன் போனில் சொல்லுங்கள். தேதி தள்ளினாலும் ஒரு நாள் கூலியும் கார் வாடகையும் மிஞ்சும். அதே போனில், "யாராவது வராமல் போனால் எங்களைக் கூப்பிடுங்கள், ஒரு நாள் அவகாசத்தில் வந்துவிடுவோம்" என்றும் சொல்லி வையுங்கள். சிக்னல் கிடைக்கிற ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. குன்னூர் மலைப்பாதையிலோ கோத்தகிரிப் பாதையிலோ மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிடலாம். முந்தின நாளே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டிலோ மருத்துவமனைக்குப் பக்கத்திலோ தங்கிவிடுங்கள். விடிகாலையில் வெறும் வயிற்றோடு அத்தனை வளைவையும் இறங்கினால் வாந்தி எடுத்துத் துவண்டுபோய்த்தான் சேருவார். இதைப் படிக்கிற யாருக்காவது மே மாதத்தில் தேதி என்றால் சீசன் நெரிசலையும் ஒருவழிப் பாதை மாற்றத்தையும் கணக்கில் வையுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் போகிறீர்கள் என்றால் (குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை) அட்டையில் அப்பா பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அனுமதி இழுத்தடிக்கும்.

காத்திருக்கும் மாதங்களில் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, குளிர்க் காய்ச்சல், கண் மஞ்சள் இவற்றில் எது வந்தாலும் தேதியைப் பார்க்காமல் போய்விடுங்கள். திரும்பி வரும்போது முன் சீட்டில் உட்கார வைத்து, வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி இறங்கி நிற்கச் சொல்லுங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. அங்கே டீ குடிக்கலாம்.